எந்த ஃப்ராங்கன்ஸ்டைன்?

விக்டர் ஃப்ராங்கன்ஸ்டைன் கைப்பிடிக்கும் எலிசபெத்தின் கண்கள் என்ன நிறம்? மேரி ஷெல்லியின் நாவலைப் படித்த இருவரிடம் கேட்டால் ஒருவர் தேன் நிறம் என்பார், மற்றவர் நீலம் என்பார். இருவரும் வரி விடாமல் படித்தவர்களாக இருக்கலாம். இருவர் சொல்வதும் சரியாகவும் இருக்கலாம். 1818இல் வந்த நாவலில் அவளுக்குத் தேன் நிறக் கண்கள். 1831இல் வந்த நாவலில் நீலக் கண்கள், பொன்னிறக் கூந்தல். தலைப்பு ஒன்றுதான், ஆசிரியரும் ஒருவர்தான். இன்று புத்தகக் கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் அக்கம்பக்கமாக நிற்கின்றன.

மாறியது கண்ணின் நிறம் மட்டும் என்றால் பேசாமல் விட்டுவிடலாம். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் நாயகியின் பிறப்பு மாறியது, நாயகன் பிறந்த ஊர் மாறியது, அவன் நண்பனின் வாழ்க்கைக் குறிக்கோள் மாறியது. நடந்த விபரீதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நாவல் தரும் விடையும் மாறியது. ஆனாலும் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்க்காமலேயே இந்த நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் உண்டு. பாடபேதம் என்பது ஏட்டுச்சுவடிகளைப் பிடித்த தொல்லை, அச்சில் ஏறிய நாவலுக்கு அது கிடையாது என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

நாவல் பிறந்த சூழல் பலரும் அறிந்தது. 1816 கோடை, ஜெனீவா ஏரிக்கரை, பைரன் தங்கியிருந்த வில்லா தியோதாத்தி, விடாத மழை. அதற்கு முந்தைய ஆண்டு இன்றைய இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவின் பருவமே குலைந்திருந்தது. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பைரன் சொல்ல, பதினெட்டு வயது மேரி எழுத உட்கார்ந்தார். 1818 முகவுரையில் இதைப் பற்றிச் சில வரிகளே உண்டு. கனவு, அச்சம், விடியும்வரை தூங்காமை என்று நாம் கேட்டுப் பழகிய விரிவான வடிவம் 1831இல் மேரி எழுதிய முன்னுரையிலிருந்து வந்தது. நாவலின் பிறப்புக் கதையையே நாம் பிந்தைய பதிப்பிலிருந்துதான் தெரிந்துவைத்திருக்கிறோம்.

கைப்பிரதியைப் பைரனின் பதிப்பாளர் ஜான் மர்ரி வேண்டாம் என்றார். சார்ல்ஸ் ஆலியரும் வேண்டாம் என்றார். கடைசியில் லாக்கிங்டன் நிறுவனம் ஏற்றது. 1818 ஜனவரி 1ஆம் தேதி, மூன்று தொகுதிகளாக, 500 படிகள் வெளிவந்தன. எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. முகவுரையை எழுதியவர் கணவர் பெர்சி ஷெல்லி. அதையும் நாவலாசிரியரே பேசுவதுபோல எழுதியிருந்தார். நூல் மேரியின் தந்தை வில்லியம் காட்வினுக்குக் காணிக்கை. இத்தனை தடயங்களைப் போட்டுவைத்தால் வாசகர்கள் என்ன நினைப்பார்கள்? பெர்சிதான் ஆசிரியர் என்று பலர் முடிவு கட்டினார்கள். மதிப்புரை எழுதிய வால்டர் ஸ்காட்டும் அப்படித்தான் நினைத்தார்.

அடுத்த பதிப்புக்கு ஒரு நாடகம் காரணமானது. 1823 ஜூலை 28இல் லண்டன் இங்கிலீஷ் ஆப்பரா ஹவுஸில் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் இந்தக் கதையை மேடையேற்றினார். நாடகம் பேசப்பட்டதும் காட்வின் சுறுசுறுப்பானார். ஆகஸ்டிலேயே விட்டேக்கர் நிறுவனத்தின் மூலம் இரண்டு தொகுதிகளாக நாவலை மறுபடி கொண்டுவந்தார். மேரியின் பெயர் ஆங்கிலப் பதிப்பின் தலைப்புப் பக்கத்தில் முதன்முறையாக ஏறியது அப்போதுதான். ஆனால் மேரி அந்த நேரத்தில் இத்தாலியிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இருந்தார். ஆகஸ்ட் 25இல் லண்டன் வந்து சேர்ந்தபோது நூல் அச்சாகி முடிந்திருந்தது. இந்த இரண்டாம் பதிப்பில் நூற்றுக்கு மேற்பட்ட சொல் மாற்றங்கள் இருப்பதை ஈ. பி. மர்ரி என்ற ஆய்வாளர் பின்னாளில் ஒப்பிட்டுக் காட்டினார். மகள் ஊரில் இல்லாதபோது அவற்றைச் செய்திருக்கக்கூடியவர் அப்பாதான் என்பது அவர் முடிவு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தாலியை விட்டுக் கிளம்புமுன் மேரி, ஜெனோவாவில் பழகிய திருமதி தாமஸ் என்பவருக்கு 1818 பதிப்பின் ஒரு படியைக் கொடுத்துவிட்டு வந்தார். அதன் ஓரங்களில் தம் கைப்படத் திருத்தங்கள் எழுதியிருந்தார். தொடக்க அத்தியாயங்கள் சப்பென்று இருக்கின்றன, இன்னொரு பதிப்பு வருமானால் அவற்றைத் திரும்ப எழுதவேண்டும் என்ற பொருளில் ஒரு குறிப்பும் அதில் உண்டு. அதே வாரங்களில்தான் லண்டனில் இன்னொரு பதிப்பு, அந்தத் திருத்தங்கள் எதுவும் இல்லாமல், அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. தாமஸ் படி இப்போது நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது.

மூன்றாவது பதிப்பு 1831 அக்டோபர் 31இல் வந்தது. கோல்பர்ன்–பென்ட்லி கூட்டு நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு நாவல்ஸ்’ என்ற பெயரில் நடத்திய மலிவு வரிசையில் ஒன்பதாவது நூல் இது. மூன்று தொகுதி ஒரே தொகுதியாகச் சுருங்கியது. தியோடோர் ஃபான் ஹோல்ஸ்ட் வரைந்த முகப்புப் படம் சேர்ந்தது. மேரியின் புதிய முன்னுரையும் சேர்ந்தது. அந்த வரிசையில் சேரும் பழைய நாவல்களை ஆசிரியரே திருத்தி, புதிதாக ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று பதிப்பாளர்கள் எதிர்பார்த்தார்கள். திருத்தினால் புதிய காப்புரிமை கிடைக்கும் என்பது அதன் உள்கணக்கு. எழுத்துகளை ஒருமுறை கோத்து வார்த்துவைத்த உலோகத் தகடுகளிலிருந்து வேண்டும்போதெல்லாம் அச்சடிக்கும் முறையில் நூல் தயாரானது. அதனால் 1831 பாடம் மறுபடி மறுபடி வந்துகொண்டே இருந்தது. 500 படிகளோடு நின்ற 1818 பாடம் நூலகங்களுக்குள் அடங்கிவிட்டது. 1974இல் ஜேம்ஸ் ரீகர் அதை மீண்டும் பதிப்பிக்கும்வரை, நூற்றாண்டுக்கு மேலாக உலகம் படித்ததும் விவாதித்ததும் பெரும்பாலும் 1831ஐத்தான்.

கையில் இருக்கும் புத்தகம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்னுரையை நம்பக்கூடாது. மேரியின் 1831 முன்னுரை புகழ்பெற்றது என்பதால் 1818 பாடத்தை அச்சிடுகிறவர்களும் அதைப் பின்னிணைப்பாகவோ சில சமயம் முன்னாலேயோ சேர்த்துவிடுகிறார்கள். அத்தியாயக் கணக்கு அதைவிட உறுதியானது. 1818 பதிப்பில் ஒவ்வொரு தொகுதியும் ஒன்றாம் அத்தியாயத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். மூன்றிலும் ஏழு, ஒன்பது, ஏழு என்று மொத்தம் 23. 1831இல் எண்கள் இடைவெளியில்லாமல் ஓடி 24இல் முடியும். முதல் அத்தியாயம் நீண்டு இரண்டாகப் பிரிந்ததே அந்தக் கூடுதல் ஒன்றுக்குக் காரணம். ஆகவே நவம்பர் இரவில் விக்டர் உருவாக்கிய படைப்பு கண் திறக்கும் காட்சி நான்காம் அத்தியாயத்தில் இருந்தால் அது 1818. ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்தால் 1831.

உள்ளடக்கப் பக்கமே இல்லாத மலிவுப் பதிப்பு என்றால் விக்டரின் இளமைப் பருவத்துக்குப் போகவேண்டும். 1831இல் அவன் நேப்பிள்ஸில் பிறக்கிறான். 1818இல் அந்த ஊர்ப்பேச்சே அங்கே இல்லை. அவனுக்குப் பதினைந்து வயதாகும்போது வீட்டருகே ஓக் மரத்தில் இடி விழுந்து மரம் சிதறும் காட்சி இரண்டிலும் உண்டு. இடி என்றால் என்ன என்று 1818இல் அப்பாவைக் கேட்கிறான். அப்பா மின்சாரம் என்று விளக்கி, சின்னக் கருவி ஒன்றைச் செய்துகாட்டி, கம்பி கட்டிய பட்டம் விட்டு மேகத்திலிருந்து மின்சாரத்தை இறக்கியும் காட்டுகிறார். 1831இல் அந்த வேலையைச் செய்பவர் அப்பா இல்லை. தற்செயலாக வீட்டுக்கு வந்திருந்த ஓர் அறிஞர் மின்சாரத்தையும், தசைகளை மின்சாரத்தால் துடிக்கவைக்கும் கால்வனியத்தையும் பற்றிப் பேசுகிறார். அறிவியல் தெரிந்த அப்பா அந்தத் துறையில் ஒன்றும் அறியாத அப்பாவாக ஆகிவிடுகிறார். மகன் எந்தப் புத்தகத்தைப் படித்துக் கெட்டான் என்பதைக் கவனிக்காத குறை அவர் மேல் இரண்டு பதிப்பிலும் விழுகிறது. ஆனால் பட்டம் விட்ட அப்பாவை அதற்காகக் குறை சொல்வது எளிதாக இல்லை.

பொட்டாசியம், போரான் என்ற சொற்களையும் தேடிப் பார்க்கலாம். அதே இளமைப் பருவத்தில் விக்டர் ஓர் அறிவியல் சொற்பொழிவு வரிசைக்குப் போகிறான். ஏதோ தடங்கலால் கடைசி நாள்களில்தான் போக முடிகிறது. பேராசிரியர் சரளமாகப் பேசும் தனிமங்களின் பெயர்கள் அவனுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. இது 1818இல் மட்டும் உள்ள பகுதி. பொட்டாசியத்தை ஹம்ஃப்ரி டேவி பிரித்தெடுத்தது 1807இல். நாவலின் கடிதங்களிலோ பதினெட்டாம் நூற்றாண்டுத் தேதிகள். காலக்கணக்குப் பார்க்கும் வாசகர் அங்கே சிரித்துக்கொள்ளலாம். ஆனால் காலம் பிந்தி வந்த வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பையன் நம்பத்தகுந்தவன். 1831இல் அவனைக் காணோம் என்பது இழப்புதான்.

இனி எலிசபெத். 1818இல் அவள் விக்டரின் அப்பாவுடைய சகோதரி மகள். தாய் இறந்ததும் இத்தாலியிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து சேர்கிறாள். அத்தை மகளைக் கட்டிக்கொள்வதில் தமிழ் வாசகருக்கு நெருட ஒன்றுமில்லை. முறைப்பெண் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். இங்கிலாந்திலும் அது சட்டப்படி செல்லும் திருமணமே. ஆனாலும் ஒரே வீட்டில் அண்ணன் தங்கைபோல வளர்ந்த இரத்த உறவினர் மணப்பதில் தகாத உறவின் நிழல் தெரிகிறது என்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். 1831இல் மேரி அந்த உறவையே அறுத்துவிட்டார். கோமோ ஏரிக்கரையில் ஏழைக் குடியானவர் குடிசையில் ஐந்து பிள்ளைகள், அதில் ஒருத்தி மட்டும் வேறு சாயல். மிலான் நகரப் பிரபு ஒருவரின் மகள் அவள். தாய் பிரசவத்தில் இறந்தாள், தந்தை இத்தாலியின் விடுதலைக்காகப் போராடித் தொலைந்துபோனார். விக்டரின் அம்மா கரோலின் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, மகனுக்குத் தரும் பரிசு என்று விளையாட்டாகச் சொல்கிறாள். பையன் அதை வினையாக எடுத்துக்கொண்டு, இவள் என் உடைமை என்று நினைக்கத் தொடங்குகிறான்.

தகாத உறவு என்ற பேச்சு போயிற்று. அந்த இடத்தில் அதைவிடச் சங்கடமான ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பெண்ணைப் பொருளாகக் கருதும் அந்தப் பார்வை விக்டரின் குணத்தைப் பற்றி 1818 சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. திருத்திய பதிப்பு எல்லா இடத்திலும் மழுங்கியது என்று பொதுவாகச் சொல்வோருக்கு இந்தப் பகுதி நல்ல மறுப்பு.

மழுங்கிய இடங்கள் உண்டு என்பதும் உண்மை. செய்யாத கொலைக்காக வேலைக்காரி ஜஸ்டின் தூக்கிலிடப்படும்போது, 1818 எலிசபெத் மரண தண்டனை என்ற ஏற்பாட்டையே சாடுகிறாள். ஓர் உயிர் கொல்லப்பட்டதும் இன்னோர் உயிரை நிதானமாக வதைத்துக் கொல்வதற்கு நீதி என்று பெயரா என்ற பொருளில் நீளும் அந்தப் பேச்சில், தீவிர அரசியல் சிந்தனையாளர் காட்வின் வீட்டில் வளர்ந்த பெண்ணின் குரல் கேட்கிறது. 1831 எலிசபெத் அழுகிறாள், ஆறுதல் சொல்கிறாள், அந்த வாதத்தை மட்டும் செய்வதில்லை. விக்டரின் தம்பி எர்னஸ்டைப் பற்றி அவள் எழுதும் கடிதமும் இப்படித்தான் மாறியது. 1818இல் அவனை வக்கீலாக்க வேண்டாம், உழவனாக்கலாம் என்று அவள் வாதிடுகிறாள். 1831இல் அவனுக்குப் படிப்பு கசக்கிறது, அயல்நாட்டுப் படையில் சேர ஆசைப்படுகிறான். அவள் கருத்துச் சொல்லும் பெண்ணாக இருந்து செய்தி சொல்லும் பெண்ணாகிவிட்டாள்.

எல்லாவற்றிலும் கனமான மாற்றம் விதியைப் பற்றியது. 1818இல் விக்டர் படிப்படியாகத் தானே தேர்ந்துகொண்டு போகிறான். விதி என்ற சொல் அங்கேயும் வரும், ஆனால் புலம்பலாகத்தான் வரும். 1831இல் அது கதையை நடத்தும் சக்தியாகிறது. இடி விழுந்த பிறகு அவன் கொஞ்ச நாள் கணிதத்தின் பக்கம் திரும்புகிறான். காவல் தேவதை கடைசியாக ஒருமுறை காப்பாற்றப் பார்த்தது, விதி விடவில்லை என்று அதற்கு விளக்கம் சொல்கிறான். இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் யாரை முதலில் சந்தித்தான் என்ற சாதாரணச் செய்தியில்கூட அழிவின் தேவதை வந்து வழிகாட்டுகிறது. பேராசிரியர் வால்ட்மனின் பேச்சும் தன்னை ஒழிக்க விதி பேசிய பேச்சாக அவனுக்குப் படுகிறது. எழுதிய தலையெழுத்து என்றால் அவன் குற்றவாளி இல்லை, பலியாள். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லும் சாக்கு இது என்று வாசகர் ஐயப்படவும் இடமிருக்கிறது. 1831ஐப் படிக்கும் ருசியான வழி அதுதான் என்று தோன்றுகிறது.

இந்தச் சாய்வு ஏன் வந்தது? இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று மேரியின் வாழ்க்கை. 1818இல் மகள் கிளாரா இறந்தாள். 1819இல் ரோமில் மூன்று வயது மகன் வில்லியம் இறந்தான். நாவலில் கொல்லப்படும் சிறுவனின் பெயரும் வில்லியம், அந்தப் பெயரை வைத்தபோது மகன் உயிரோடு இருந்தான். 1822 ஜூலையில் பெர்சி கடலில் மூழ்கி இறந்தார். பின்பு எஞ்சிய ஒரே மகனை வளர்க்க, மாமனார் சர் டிமதி ஷெல்லி தரும் உதவித்தொகையை நம்பியிருக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட பத்தாண்டுக்குப் பின் ஒருவர் விதியைப் பற்றிப் பேசினால் வியக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது விளக்கத்தை 1993இல் 1818 பாடத்தைப் பதிப்பித்த மேரிலின் பட்லர் முன்வைத்தார். உயிர் என்பது உடலோடு வந்து சேரும் மின்சாரம் போன்ற நுண்பொருளா, உடலின் அமைப்பிலேயே இருப்பதா என்று ஜான் அபெர்னெதியும் வில்லியம் லாரன்ஸும் லண்டனில் மோதிக்கொண்டிருந்த காலத்தில்தான் நாவல் முதலில் வந்தது. லாரன்ஸ் பெர்சிக்கு வைத்தியம் பார்த்தவர். 1819இல் அவருடைய சொற்பொழிவு நூல் மதத்துக்கு எதிரானது என்று எதிர்ப்புக் கிளம்ப, அவரே அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. 1822இல் அந்த நூலுக்குக் காப்புரிமைப் பாதுகாப்புத் தரவும் நீதிமன்றம் மறுத்தது. லாரன்ஸின் பக்கம் சாய்ந்திருந்த நாவலிலிருந்து ஆபத்தான அறிவியலை 1831இல் மேரி எச்சரிக்கையாகக் கழித்தார் என்பது பட்லரின் வாதம். பொட்டாசியம் போனதும் பட்டம் விட்ட அப்பா போனதும் இந்தக் கணக்கில் பொருந்துகின்றன. ஆனால் கால்வனியம் என்ற சொல் புதிதாக உள்ளே வந்ததை இந்த வாதம் அவ்வளவு எளிதில் செரித்துக்கொள்ளாது. மின்சாரம் பாய்ச்சித்தான் பிணம் எழுந்தது என்று பள்ளிப் பிள்ளைகள்வரை சொல்கிறார்களே, அதற்கான ஊக்கமும் 1831 முன்னுரையிலிருந்து கிடைத்ததே. 1818இல் ஒரு பொறியைப் பற்றிய பேச்சைத் தவிர வழிமுறை எதுவும் சொல்லப்படுவதில்லை.

மேரி தம் முன்னுரையில் என்ன சொல்கிறார் என்பது இங்கே முக்கியம். மாற்றங்கள் பெரும்பாலும் நடையைப் பற்றியவை, கதையைத் தொடவில்லை, புதிய கருத்து எதையும் நுழைக்கவில்லை, அவையும் அநேகமாக முதல் தொகுதியின் தொடக்கத்தோடு நின்றுவிட்டன என்கிறார். மேலே பார்த்தவற்றை வைத்துக்கொண்டு இதை ஏற்கமுடியாது. ஆசிரியரே சொல்கிறார் என்று நூறாண்டு காலம் யாரும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடாமல் இருந்ததற்கு இந்தச் சில வரிகளும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அப்படியானால் முதல் பதிப்புதான் உண்மையான மேரி ஷெல்லியா? 1970களுக்குப் பின் ஆய்வுலகம் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆன் மெல்லர் 1818க்காக வலுவாக வாதாடினார். ஆனால் கைப்பிரதி வேறு சிக்கலைக் கிளப்புகிறது. 1816–17இல் எழுதிய வரைவின் பெரும்பகுதி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதைச் சார்ல்ஸ் ராபின்சன் 1996இல் கைப்பிரதிப் படங்களோடு பதிப்பித்தார். இரண்டு தொகுதிகளும் 33 அத்தியாயங்களும் கொண்ட அந்த வரைவு, அச்சுக்குப் போகும்போதுதான் மூன்று தொகுதி, 23 அத்தியாயம் ஆனது. பக்கங்கள் நெடுகப் பெர்சியின் கையெழுத்து. சுமார் 72,000 சொற்கள் கொண்ட நாவலில் 4,000 முதல் 5,000 சொற்கள்வரை அவர் கைப்பட வந்தவை என்பது ராபின்சனின் கணக்கு. எளிய ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு லத்தீன் வாடை அடிக்கும் சொல்லைப் போடுவது அவர் பழக்கம். கடைசி வரியிலும் கைவைத்தார். நாவலின் கடிதங்களை எழுதும் கடலோடி வால்டன், படைப்பு பனிக்கடலில் மறைவதைச் சொல்லும்போது, மேரியின் வரைவில் அதைத் தன் பார்வையிலிருந்து தவறவிடுகிறான். பெர்சியின் திருத்தத்தில் அதுவே இருளில் தொலைந்துபோகிறது. முதலாவதில் அது எங்கோ உயிரோடு இருக்கலாம். இரண்டாவதில் கதை முடிந்துவிட்டது.

ஆகவே 1818 என்பது மேரியும் பெர்சியும் சேர்ந்த பாடம். 1831இல் மேரி தனியே உட்கார்ந்து திருத்தினார். ஆனால் அவர் திருத்த எடுத்துக்கொண்டது 1823 பாடம் என்பதால் பெர்சியின் சொற்களோடு காட்வினின் சொற்களும் உள்ளே வந்துவிட்டன. கணவர் கைபடாத மேரி வேண்டும் என்போருக்காக, பெர்சியின் திருத்தங்களை நீக்கிய வடிவத்தை ராபின்சன் 2008இல் தனியே அச்சிட்டார். அதுவும் அந்தக் காலத்தில் யாரும் படித்திராத புத்தகம். 1831ஐ இப்படிக் கீழே தள்ளுவது நியாயமில்லை, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகைப்படுத்தப்படுகிறது என்று நோரா குரூக் 2000இல் எழுதிய மறுப்பு படிக்கவேண்டிய ஒன்று. முதல்முறை படிப்பவருக்கு 1818ஐக் கொடுக்கலாம். அதில் வேகம் அதிகம், குற்றவாளி தப்பிக்க வழி குறைவு. ஆனால் ஒரு எழுத்தாளர் முப்பத்து நான்கு வயதில் தம் பதினெட்டு வயதுப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க 1831ஐத் தவிர வேறு வழியில்லை.

மல்லுக்கட்டிய இடங்களில் தையல் தெரிகிறது. எலிசபெத்தை அநாதைக் குழந்தையாக மாற்றிய பிறகும், ஜஸ்டினைப் பற்றி விக்டருக்கு எழுதும் கடிதத்தில் அவள் கரோலினை அத்தை என்றே குறிப்பிடுகிறாள். 1818இல் அது உண்மை உறவு. 1831இல் அது பழைய துணியின் ஒட்டு. இருவரும் ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லி அழைத்துக்கொண்டார்கள் என்று ஒரு வாக்கியத்தை முன்னாலேயே சேர்த்து மேரி ஒப்பேற்றியிருக்கிறார்.

சேகரிப்பாளர்களுக்கு இந்தக் கவலைகள் இல்லை. 1818இன் மூன்று தொகுதிகளும் பழைய அட்டையோடு இருக்கின்றனவா என்பதே அவர்கள் கேள்வி. அப்படிப்பட்ட ஒரு படி 2021இல் கிறிஸ்டி ஏல நிறுவனத்தில் 11.7 லட்சம் டாலருக்குப் போனது. படிப்பவரின் கேள்வி வேறு, அதற்குக் கடை அலமாரி எளிதில் விடை தருவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் வரிசையில் எம். கே. ஜோசஃப் பதிப்பித்த 1831உம் உண்டு, பட்லரின் 1818உம் உண்டு. பெங்குவினும் மாரிஸ் ஹிண்டில் பதிப்பித்த 1831ஐப் பல ஆண்டுகள் விற்றுவிட்டு, 2018இல் 1818 பாடத்தைத் தனியே கொண்டுவந்தது. நார்ட்டன் வரிசையில் இருப்பது 1818. பதிப்பாளர் பெயரை மட்டும் அடிக்குறிப்பில் போட்டால் போதாது என்பது இதிலிருந்து தெரியும். மலிவு மறுஅச்சுகளிலோ எந்தப் பாடம் என்ற குறிப்பே பெரும்பாலும் இருப்பதில்லை.

அப்படிப்பட்ட மறுஅச்சு கையில் கிடைக்கும் இந்திய வாசகர் நேராக விக்டரின் நண்பன் கிளெர்வலிடம் போகலாம். இங்கோல்ஸ்டாட்டில் அவன் என்னென்ன மொழி படிக்கிறான்? 1818இல் பாரசீகம், அரபு, ஹீப்ரு. 1831இல் ஹீப்ரு போய் அந்த இடத்தில் சம்ஸ்கிருதம் வந்துவிட்டது. ஒரு சொல்தான் மாறியது, ஆனால் அது தனியாக வரவில்லை. பின்பு 1831இன் பத்தொன்பதாம் அத்தியாயத்தில், லண்டனில் இருக்கும்போது அவனுக்கு இந்தியா போகும் திட்டம் இருப்பது தெரிகிறது. இந்திய மொழிகளில் தனக்குள்ள அறிவைக் கொண்டு ஐரோப்பியக் குடியேற்றத்துக்கும் வணிகத்துக்கும் உதவமுடியும் என்று அவன் நம்புகிறான். 1818இல் இதில் ஒரு வரிகூடக் கிடையாது. முதல் தொகுதியின் தொடக்கத்தைத் தாண்டி மாற்றம் அநேகமாகப் போகவில்லை என்ற மேரியின் சொல்லுக்கு இதைவிட நேரான மறுப்பும் கிடையாது.

விக்டரைவிட நல்லவனாக, கருணை உள்ளவனாக நாவல் முழுவதும் காட்டப்படுகிறவன் கிளெர்வல். அதே நாவலில், இரண்டு பதிப்பிலுமே, சுவர் இடுக்கு வழியே பாடம் கேட்கும் படைப்பு அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நேர்ந்த கதியைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறது. பேரவா இல்லாதிருந்தால் மெக்சிகோவும் பெருவும் அழிந்திருக்காது என்று விக்டரும் ஓரிடத்தில் சொல்கிறான். இவற்றோடு கிளெர்வலின் இந்தியத் திட்டத்தை மேரி சேர்த்தது அவனை மேலும் மெச்சவா, அவனிடமும் ஒரு விக்டர் இருக்கிறான் என்று காட்டவா என்பது வாதத்துக்குரியது. ஃப்ராங்கன்ஸ்டைனையும் பேரரசையும் பற்றிக் கட்டுரை எழுத உட்காரும் மாணவர் 1818ஐ வைத்துக்கொண்டால் அந்த வாதத்துக்கான பக்கமே அவர் கையில் இருக்காது.